நடுக் குமிழ்

அக்டோபர் 7, திங்கள்
பேருந்துப் பணிமனையிலிருந்து வந்து காலணியைக் கழற்றும்போதே மனைவி மெர்வி சொன்னாள். "இல்போ பொண்டாட்டி அய்லா போன் பண்ணா. அவனுக்கு நுரையீரல் ரெண்டும் போச்சாம். உன்னைப் பார்க்கணுங்கிறானாம்."

இருபத்தாறு வருடத்துக்கு முன் இந்த லாஹ்தி ஊரில் நாங்கள் நாலு பேர் ஒரே ஒரு மெட்டல் இசைத்தட்டு போட்டோம். கிட்டார் இல்போ, பேஸ் கிட்டார் நான். கடைசியாக ஒலியைக் கலந்தது அவன். தட்டு கைக்கு வந்தபோது என் பேஸைக் காணோம், வெறும் உறுமல்தான். என்னைத் துடைத்துவிட்டுத் தன் கிட்டாரை மட்டும் நிறுத்திக்கொண்டான். அன்றோடு பேச்சை விட்டேன். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. செய்தவன் எப்படிக் கேட்பான்?

அக்டோபர் 12
இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கிவந்தேன். அவன் செய்ததைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, போய் நேரில் சொல்ல வேண்டும்.

"சாகக் கிடக்கறவன்கிட்ட சண்டை போடவா? ரொம்ப நல்லா இருக்கு, வேசா" என்றாள் மெர்வி.

மூலைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். ஆம்ப்ளிஃபையரில் அடி ஒலிக்கான பேஸ் குமிழ் முழுசு, உச்ச ஒலிக்கான ட்ரெபிள் குமிழ் முழுசு, இடை ஒலிக்கான நடுக் குமிழ் பூஜ்யம். மெட்டல் கேட்கிறவன் வேறு எப்படி வைப்பான்? அலமாரிக் கோப்பைகள் ஆடின. பேஸ் வாசிப்பு இல்லை.

அக்டோபர் 13
மறுபடி கேட்டேன். இல்லை.

அக்டோபர் 20
கதவில் குடியிருப்புச் சங்கத்தின் இரைச்சல் புகார்க் கடிதம். கீழ்வீட்டு ஹில்காவின் வேலை. பொதுச் சலவை அறையில் அவளை மடக்கினேன். ஈரத் துணியை உதறிக்கொண்டே பேசினாள். "மெட்டலை யார் குறை சொன்னா? என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்கறாரு. உன் வீட்டுலேர்ந்து பாட்டு வரல, இடிதான் வருது. அந்தப் பெட்டிங்களை மூலைலேர்ந்து இழு. பேஸைக் குறை."

அக்டோபர் 22
இழுத்தேன். குறைத்தேன். சப்பென்று ஆகிவிட்டது. எரிச்சலில் நடுக் குமிழை மேலே திருகினேன்.

இரண்டாவது பாட்டு. கிட்டாருக்கு அடியில் விரல்கள் ஓடுகின்றன. என் விரல்கள், என் பேஸ். ஒரு தட்டல்கூட விட்டுப்போகவில்லை. நடுவில் ஓரிடத்தில் அவன் தன் கிட்டாரைத் தணித்திருக்கிறான் — எனக்கு வழிவிட்டு.

கடவுளே, இத்தனை வருடம், எத்தனை பெட்டிகளில் கேட்டேன்! அந்தக் குமிழைப் பூஜ்யத்திலிருந்து ஒருமுறைகூட ஏற்றவில்லையா நான்?

அக்டோபர் 23
மெர்வி "இன்னைக்கே கிளம்பு" என்றாள். போய் என்னத்தைச் சொல்வது? எந்த முகத்தோடு? வார்த்தை கொஞ்சம் சேரட்டும். சனிக்கிழமை போகிறேன்.

அக்டோபர் 25
இல்போ இன்று காலை போய்விட்டான். வெள்ளிக்கிழமை.

நவம்பர் 9
அடக்கம், இங்கே வழக்கம்போல் இரண்டு வாரம் கழித்து. ஒவ்வொருவராகப் போய்ப் பூ வைத்து, அட்டையில் எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். நான் எழுதியிருந்தது: "என் பேஸ் காதில் விழுந்தது, இல்போ. தப்பு என்னுடையது." முதல் வார்த்தைக்கு மேல் வாசிக்க முடியவில்லை. அய்லா எழுந்து வந்து அட்டையை வாங்கி வாசித்தாள்.

பிறகு காபி நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன பேஸ்? எனக்குப் புரியல. நீ ஏன் பேசறதில்லேன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அதைக் கேட்கத்தான் உன்னை வரச் சொன்னாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ் வரைக்கும்.

காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இதுக்கா?" என்றாள்.