வடம் இல்லாத படகு

என் அருமை மாப்ளே,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் உண்டா, தந்தி உண்டா, எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். உயிரோடு இருப்பவர்களில் கேட்க வேண்டியவர்களையெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். தங்கையைக் கட்டியவன் என்பதால் ஊருக்கு முன்னால் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் காட்ட எனக்குத் தெம்பு இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் மகன் பாண்டியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கொச்சியில் படகு கட்டும் பட்டறையில் அவன் வேலைக்குச் சேர்ந்தது நீ இருக்கும்போதே. அங்கே பழகிய இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பாய்மரப் படகைத் தாங்களே கட்டி, ஐப்பசிக் கடைசியில் மொரீஷியஸ் தீவுக்குக் கிளம்பிவிட்டான். மார்கழி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்து தந்தி அடிப்பதாகச் சொன்னான். இப்போது தைப்பூசமே வந்துவிட்டது. நடுவில், கார்த்திகையில், அந்தப் பக்கத்துக் கடலில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதே வழியில் போன ஒரு சரக்குக் கப்பல் அடிபட்டுத் திரும்பி வந்ததாம். இரும்புக் கப்பலுக்கே அந்தக் கதி. இவன் படகோ நான் கண்டக்டராகப் போகும் டவுன் பஸ்ஸை விடச் சின்னது, மாப்ளே!

நான் போகாதே என்றுதான் சொன்னேன். தாய்மாமன் சொன்னால் கேட்பான் என்று நினைத்தேன். "மாமா, அன்னைக்கு நீங்க ஜெயிச்சது மேடையில. கடல்ல இல்ல" என்று சொல்லிச் சிரித்தான். அப்படியே உன் சிரிப்பு.

அந்தப் பட்டிமன்றம் உனக்கு நினைவிருக்கிறதா? யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன்னந்தனியாகச் சின்னப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தான் என்று பேப்பரில் போட்டிருந்தது. அதை வைத்துத்தான் டீக்கடையில் நமக்குள் வாக்குவாதம் ஆரம்பித்தது. நீ கல்யாணத்துக்கு முன்பு தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்தவன், கொழும்பு வரை பாய்மரத்தில் போய் வந்தவன். சின்னப் படகு எந்தக் கடலையும் தாண்டும் என்றாய். முட்டளவுக்கு மேல் தண்ணீரில் இறங்காத நான், தாண்டவே தாண்டாது என்றேன். மாமியாரா மருமகளா என்று வருசம் தவறாமல் கேட்டு அலுத்துப்போயிருந்த நம் தெரு மன்றத்துக்காரர்கள், அந்தத் தெப்பத் திருவிழாவுக்கு நம் இரண்டு பேரையும் மேடையேற்றிவிட்டார்கள்.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு எதிரே மேடை. நான் விடுவேனா? "நல்லாப் பாருங்கய்யா! நம்ம சாமியே இந்தக் குளத்துல காத்த நம்பிப் போகல. கரையில நின்னு நாம வடம் புடிச்சு இழுக்கணும், அப்பத்தான் தெப்பம் நகரும். மாப்ள என்னடான்னா வடமும் இல்லாம கரையும் இல்லாம சமுத்திரத்துல போகச் சொல்றாரு!" என்றேன். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நீ எழுந்து என்னவோ பதில் சொன்னாய். வாய் அசைந்தது தெரிந்தது. சிரிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. நடுவர் மணியை அடித்து, தீர்ப்பை என் பக்கம் சொல்லிவிட்டார். நீயும் சிரித்துக்கொண்டே எனக்குத் துண்டைப் போர்த்திவிட்டாய்.

இப்போது என் பேச்சே என்னைக் கொல்கிறது, மாப்ளே. குடிதண்ணீர் தீர்ந்தால் எங்கே போய்க் கேட்பான் என்று அன்றைக்குக் கேட்டேனே, கைதட்டினார்களே. சோறு தொண்டையில் இறங்கும்போது அந்தக் கேள்விதான் வருகிறது. ராத்திரியில் எதிரே வரும் பெரிய கப்பலுக்கு இந்தத் துரும்பு கண்ணில் படுமா என்றேன். பாய்மரம் முறிந்தால் எந்த ஆசாரியைத் தேடுவான் என்றேன். பஸ்ஸில் யாராவது சேர்ந்தாற்போல் சிரித்தாலே எனக்கு அந்தக் கூட்டத்தின் சிரிப்புதான் கேட்கிறது. நேற்று சிம்மக்கல்லில் விசில் அடிக்காமல் நின்றுவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டான்.

நீ பேசியதை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். எனக்கு இப்போது ஆறுதல் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. இறுக மூடிய காலி டின் தண்ணீரில் மூழ்குமா என்றாய். அடியில் கனத்தை வைத்துக் கட்டிய படகு சாய்ந்தாலும் தானே நிமிரும் என்றாய். பெரிய கப்பல் அலையோடு மோதும், சின்னது ஏறி இறங்கிவிடும் என்றாய். அதற்கு மேல் வரவில்லை. நீ பேசும்போது நான் அடுத்து அடிக்க வேண்டிய நக்கலை யோசித்துக்கொண்டிருந்தேன், பாவி.

போன ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூரிலிருந்து உன் அண்ணன் வந்தார். நல்ல மனுசன்தான், குறை சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த என் தங்கச்சிக்குக் கேட்கும்படி, "பாக்கியம், மனசத் தேத்திக்கத்தா. அம்புட்டுப் பெரிய கப்பலே தாங்கல. ஆக வேண்டியதப் பாத்துருவோம்" என்றார். காரியம் செய்யச் சொல்கிறார், புரிகிறதா? பிறகு என் பக்கம் திரும்பினார். "தாய்மாமன் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சின்னப் படகு கடலுக்கு ஆகாதுன்னு ஊரக் கூட்டிச் சொன்னவரு நீங்கதான?"

ஒரு பஸ் ஜனத்தையே வாயால் அடக்குகிறவன் நான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மூத்தாரான உன் அண்ணன் எதிரே என்றைக்கும் வந்து நிற்காத என் தங்கச்சி, அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசியது என்னிடம்தான்.

"அண்ணே, அன்னைக்கு எல்லாரும் சிரிக்கயில அவுக ஒண்ணு சொன்னாகளே, அது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலத்தா."

"நான் முன்னாடி ஒக்காந்திருந்தேன், எனக்குக் கேட்டுச்சு. எங்களுக்கும் வடம் உண்டு மச்சான்னாக. புயல் வந்தா பாயை எறக்கிட்டு, ஒரு கித்தான் பையில நீளக் கயித்தக் கட்டி முன்பக்கமாக் கடல்ல போட்டுருவாகளாம். பை தண்ணிய வாங்கிக்கிட்டுப் படக இழுத்துப் புடிச்சுக்குமாம். படகு அலைக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டு அப்பிடியே கெடக்குமாம். போய்ச் சேர நாளாகும், அம்புட்டுத்தேன்னாக." மூச்சு வாங்கினாள். "எம்புள்ளைக்கு நாளாகுது. அம்புட்டுத்தேன்."

போட்டு வைத்த காபியைக் குடிக்காமலே உன் அண்ணன் பஸ் ஏறிவிட்டார்.

அவள் தைரியமாக இருக்கிறாள் என்று நினைக்காதே. கொல்லைப்பக்கம் போய் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். எனக்கோ அழவும் வரவில்லை. உன்னிடம் கேட்கத்தான் இருக்கிறது. இத்தனை நாளாகுமா, மாப்ளே? அந்தக் கயிறு எவ்வளவு இழுப்பைத் தாங்கும்? பாய்மரம் போய்விட்டால் பிறகு எதைக் கொண்டு நகர்வான்? எல்லாவற்றையும் விட இதைச் சொல்: அந்தப் பையைப் பற்றிப் பாண்டிக்குச் சொல்லிக்கொடுத்தாயா? சொல்லாமலே போய்விட்டாயா?

இன்று காலையில் தெப்பம். ஒவ்வொரு வருசமும் சுண்டலைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறவன், கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய் வடத்தைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர், "எதுக்குண்ணே இம்புட்டு வேகம்? மெல்ல இழுங்க, சாமி எங்கயும் போயிறாது" என்றார். கை தோல் உரிந்துவிட்டது. எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

நாளைக்கு மறுபடி பட்டிமன்றம். மன்றத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். வீடு இருக்கிற நிலையில் பேச்சா என்று முதலில் விரட்டினேன். அப்புறம் நானே தேடிப் போய், அதே தலைப்பைக் கேட்டு வாங்கினேன். உன் பக்கம் நின்று பேசப் போகிறேன். பாக்கியம் முன்னால் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். நக்கல் ஒன்றும் கிடையாது. எதிரணிக்காரன் என் பழைய நக்கலையே எடுத்து என் மேல் வீசினாலும், கூட்டம் சிரித்து அடங்கும் வரை நின்று, நீ சொன்ன பதிலைக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்வேன். மணி அடித்தாலும் உட்கார மாட்டேன்.

தந்தி வந்துவிட்டால், பாண்டியைக் கையோடு கூட்டிப்போய் அதே மேடையில் ஏற்றி, நான் தோற்றேன் என்று ஊர் கேட்கச் சொல்வேன். வராவிட்டால் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் காரியத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன், மாப்ளே. தாய்மாமன் தலையசைக்காமல் அதை எவன் செய்கிறான், பார்த்துவிடுகிறேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. உன் பிள்ளைக்கு நாளாகிறது. அம்புட்டுத்தேன்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்கக் காத்திருக்கும் உன் மச்சான்,
பாண்டியின் தாய்மாமன்.