நாற்பத்தொரு பாப்பா

பாப்பிரெட்டிப்பட்டி
3.3.2025

அன்புள்ள கலைவாணனுக்கு,

நலம். உன் கல்லூரி மாணவர்கள் விட்டுவைத்தால் இன்னும் நலமாக இருப்பேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

தாய்மார்களுக்குத் தடுப்பூசி நாளை மெசேஜில் நினைவுபடுத்தும் சாஃப்ட்வேர் செய்கிறோம் என்று ஐந்து பேரும் ஐந்து நாள் தனித்தனியாக என் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். ஐந்து தடவையும் ஒரே பாட்டைப் பாடினேன். முதல் நாள் வந்த எழிலரசியிடமே, "பொறந்த கொழந்தைக்குப் பேரு இருக்காதும்மா, அம்மா பேர்லதான் எழுதுவோம்" என்றேன். நோட்டில் அழகாக எழுதிக்கொண்டாள். பொங்கலுக்கு முன் கொண்டுவந்து வைத்ததோ, குழந்தையின் பெயரை அடிக்காமல் அடுத்த பக்கம் போகாது. வரிசை நிற்கும்போது நான் என்ன செய்ய? 'பாப்பா' என்று அடித்தேன். இதுவரை நாற்பத்தொரு பாப்பா.

'பயன்பாட்டில் உள்ளது' என்று நீ அனுப்பிய சான்றில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

தெரசா

தருமபுரி
7.3.2025

அன்புத் தோழி தெரசா,

ஐவரையும் நிறுத்திக் கேட்டேன். "அது நான் செஞ்ச மாட்யூல் இல்லீங்க சார்." இந்தப் பதிலில் மட்டும் ஐவரும் ஒற்றுமை. எழிலரசியின் நோட்டை யாரும் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை. குழுவாக வேலை செய்யக் கற்றுத்தருவதுதான் என் பாடமே. தலையில் அடித்துக்கொள்கிறேன்.

ஆனால் உன் கையெழுத்து இல்லாவிட்டால் ஐவரும் தேறமாட்டார்கள். அவர்களில் அருண்குமாருக்கு வேலை உத்தரவே வந்துவிட்டது. போன இரண்டு வருட மாணவர்களுக்கும் போட்டாயே. பள்ளிக்கூட நாளிலிருந்து உன்னிடம் வேறென்ன கேட்டேன்?

கலை

பாப்பிரெட்டிப்பட்டி
12.3.2025

கலைவாணனுக்கு,

போன இரண்டு வருடமும் உனக்காகப் பொய்யாகப் போட்டேன். அந்த இரண்டு சாஃப்ட்வேரும் நீ மார்க் போட்ட வாரமே படுத்துவிட்டன.

நேற்று சித்தேரி மலை ஏறினேன். சாலம்மாளின் குழந்தைக்கு இரண்டு மாதம் தாண்டியும் ஒன்றரை மாத ஊசி போடவில்லை. "பக்கத்து வூட்டுக்கு மெசேஜ் வந்துச்சு, எங்களுக்கு வரலீங்களே சிஸ்டர்" என்றாள். ஒரே ஊரில் இரண்டு பாப்பா இருந்தால், ஒரே குழந்தை என்று சாஃப்ட்வேர் ஒன்றை அழித்துவிடுகிறது. என் நோட்டை ஒதுக்கிவிட்டு அதை நம்பினேன். ஊசி போட்டுவிட்டேன்.

மறுபடி கேட்காதே கலை. கேட்டால் நம் நட்பு முடிந்தது.

தெரசா

தருமபுரி
17.3.2025

தெரசா,

சான்றுக்குப் பதிலாக உன் கடிதத்தையே இணைத்துக் கொடுத்துவிட்டேன். ஐவரும் தேறவில்லை. அருண்குமாரின் அப்பா தொப்பூரிலிருந்து வந்து கத்தித் தீர்த்தார். மூன்று வருடத்தில் ஒருநாளாவது உன் இடத்தை நேரில் போய்ப் பார்த்தேனா என்று கல்லூரி முதல்வர் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வருடம் இந்தப் பாடம் எனக்குக் கிடையாது.

உன்மேல் கோபம் இருக்கிறது. மறைக்கவில்லை. என்மேல் அதைவிட அதிகம்.

மார்க் கிடையாது என்று சொல்லியே ஐவரையும், சனிக்கிழமை உன் இடத்துக்கு வந்து சாஃப்ட்வேரைச் சரிசெய்யலாமா என்று கேட்டேன். எழிலரசி மட்டும் வருகிறேன் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் வந்தால் உள்ளே விடுவாயா?

கலைவாணன்