ஜோஸ்லினோட மடிப்பையை நான்தான் பிரிச்சேன், அக்கா

என் தெரேஸ் அக்காவுக்கு, நீ இல்லாத வீட்டுல இருந்து உன் தங்கச்சி எழுதறது.

நீ போய் ரெண்டு வருஷம் ஆகப்போவுது. இத்தனை நாளா கல்லறைக்கு வருவேன், மெழுகுவர்த்தி கொளுத்துவேன், புல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கிளம்பிடுவேன். இந்தத் தடவை அது பத்தாது. போன ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு ஜோஸ்லின் கோயில்ல மொத தடவையா நற்கருணை அப்பம் வாங்கி, புதுநன்மை எடுத்துட்டா. அது நல்ல சேதி. அதுக்கு முன்னாடி நான் பண்ணி வச்ச ஒரு காரியம் இருக்கு. குவைத்துல இருக்கிற உன் வீட்டுக்காரர், நம்ம மாமாவுக்குக்கூட அது தெரியாது, உன்கிட்ட மறைக்க முடியல.

என் புத்தி உனக்குத் தெரியாததா? சூப்பர் மார்க்கெட் வாசல்ல நின்னு, வெளிய போறவங்க பையைத் தொறந்து பாத்து பில்லுல முத்திரை குத்தறதுதான் என் பொழப்பு. "நீ மோட்ச வாசல்ல நின்னா சம்மனசுங்ககிட்டயே பில்லு கேப்படி"ன்னு கிண்டல் பண்ணுவ. இப்போ நீ அந்த வாசலைத் தாண்டிட்ட. உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?

ஜோஸ்லினுக்கு இப்போ எட்டு வயசு. நீ இருக்கும்போதே மிக்சி போட்டா காதைப் பொத்திகிட்டு கொல்லைக்கு ஓடுவாளே, நீ போனதுக்கப்புறம் அது பத்து மடங்கு ஆயிடுச்சு. ஆரன் சத்தம் ஆவாது, ட்யூப் லைட்டு ஆவாது, யூனிபார்ம் காலர்ல இருக்கிற லேபிள் ஆவாது. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா என் கையும் ஆவலன்னா பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. பாசமா முதுகைத் தடவிக்குடுத்தா, கம்பளிப்பூச்சி ஏறின மாதிரி உதறிட்டு எழுந்து போயிடுவா. பெத்தவ இல்லன்னு குழந்தைக்குத் தெரிஞ்சுபோச்சோன்னு குளிக்கிற எடத்துல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதிருக்கேன்.

ஸ்கூல்ல மதியம் பெல் அடிச்சா பெஞ்சுக்கு அடியில பூந்துக்கிறான்னு மூணு தடவை கூப்பிட்டு விட்டாங்க. அவங்க சொல்லித்தான் லாஸ்பேட்டைல இருக்கிற ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க பிரியான்னு ஒரு தெரபி மிஸ். சின்னப் பொண்ணு, ரொம்ப மெதுவாப் பேசறா. அவ்வளவு மெதுவாப் பேசறவங்களை நான் நம்பமாட்டேன்னு உனக்குத் தெரியும்.

அந்த மிஸ் அலமாரில இருந்து நீலக் கலர்ல ஒரு பையை எடுத்தா. தலைகாணி மாதிரி இருக்கு, கையில வாங்கினா கனக்குது. ஒரு கிலோவுக்கு மேல இருக்கும். "ஜோஸ்லின், இதை உன் மடியில வைக்கட்டுமா?"ன்னு கேட்டா. குழந்தை பையை விரலால அமுக்கிப் பாத்துட்டுத் தலையாட்டுச்சு. வச்சதும் ஆட்டிக்கிட்டே இருந்த காலு நின்னுச்சு, தோளு எறங்குச்சு. நான் ரெண்டு வருஷமா உருகி உருகிப் பாத்தும் அடங்காத பிள்ளை ஒரு மூட்டைக்கு அடங்குதா?

"இது மருந்து இல்லைங்க. சில பிள்ளைங்களுக்கு ஒத்துக்கும், சில பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது"ன்னு மிஸ் சொன்னா. அப்புறம் ரெண்டு விஷயம் கண்டிப்பாச் சொன்னா. கேக்காம மடியில வைக்கக் கூடாது. வேணாம்னா அந்த நிமிஷமே எடுத்துடணும். அப்படி உள்ள என்னதான் இருக்குன்னு கேட்டேன். "கண்ணாடி மணிங்க"ன்னா. வீட்டுக்குக் குடுத்தும் விட்டுட்டா, காசும் கேக்கல. சும்மா யாரு குடுப்பா இந்தக் காலத்துல?

ஒரு வாரம் அந்தப் பை ஜோஸ்லின் மடியிலயே இருந்துச்சு. வீட்டுப்பாடம் எழுதினா, சோறு தின்னா, பக்கத்து வீட்டுல டிரில் போட்டப்பகூட ஓடல. எனக்கு சந்தேகம் முத்திப்போச்சு. மந்திரிச்ச தகடு ஏதாவது உள்ள இருக்குமோ? சிரிக்காத. ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவதான் நான், ஆனாலும் அந்த நெனப்பு வந்துச்சு. எனக்கு லீவு கெடைச்ச ஒரு செவ்வாக்கெழமை, அவ ஸ்கூல் போனதும் கத்திரிக்கோலை எடுத்து தையலைப் பிரிச்சேன்.

உள்ள சின்னச் சின்ன அறையாத் தச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணுலயும் கடுகு சைசுல கண்ணாடி மணி. தகடும் இல்ல, தாயத்தும் இல்ல. மோந்துகூடப் பாத்தேன். அதோட விட்டிருக்கணும். எனக்குத்தான் மனசு ஆறாதே! கெட்டது எது இருந்தாலும் போகட்டும்னு போன வருஷத் திருவிழால பாட்டில்ல பிடிச்சு வச்ச தீர்த்தத்தைக் கொண்டாந்து பை மேல முழுசா ஊத்தினேன். மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னேன். அப்புறம் மீன்வலை நூலை வச்சு தச்சுட்டேன்.

ஒரு வருஷமா மூடிக் கெடந்த தண்ணி, நாத்தம் எடுக்காம என்ன பண்ணும்? அன்னிக்குன்னு பாத்து மழை வேற, பை காயவே இல்ல. சாயந்தரம் ஜோஸ்லின் வந்து பையைத் தொட்டா, விரலால தையலைத் தடவினா, மோந்தா. "இத யாரு பிரிச்சது?"

"யாரும் பிரிக்கல கண்ணு."

"பொய்."

அவ்வளவுதான் பேசினா. பையைத் தூக்கி வாசப்படில வச்சுட்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில போய்ட்டா. ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போகல. புதுநன்மைக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. கோயில்ல ஒலிபெருக்கி, பேண்டு செட்டு, வெடி எல்லாம் இருக்கும். உன் பொண்ணை அங்க எப்படி உக்கார வைப்பேன்? அவ புதுநன்மை வாங்கறதைப் பாக்கணும்னு ஆஸ்பத்திரி படுக்கையில சொன்னியே, அதை நானே கெடுத்துட்டேனே!

ஈரப்பையைத் தூக்கிக்கிட்டு லாஸ்பேட்டைக்கு ஓடினேன். மிஸ்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். அவ திட்டவே இல்ல. "ஒருத்தர் எலுமிச்சம்பழம் வச்சுத் தச்சே திருப்பிக் குடுத்தாருங்க"ன்னு சிரிச்சா. புது மணி, புது உள்துணி போட்டுத் தரேன்னா. அப்புறம் கேட்டா: "ஜோஸ்லினை அவங்க அம்மா எப்படித் தூங்க வைப்பாங்க?"

எனக்கு அப்போதான் ஞாபகம் வந்துச்சு. நீ தாலாட்டும் பாடமாட்ட, தட்டியும் குடுக்கமாட்ட. கையைத் தூக்கி மரக்கட்டை மாதிரி அவ மேல போட்டுட்டு, அவளுக்கு முன்னாடி நீ தூங்கிடுவ. 'குழந்தை நசுங்கிடப்போவுது'ன்னு உன்னைத் திட்டினவ நான்.

"மெல்லத் தடவினா சிலருக்குக் கூசும். அழுத்தமா, அசையாம வச்சா சிலருக்குப் பிடிக்கும். நீங்க அவகிட்டயே கேளுங்களேன்"ன்னா மிஸ். அது ஏன் எனக்குத் தோணல? ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் கேள்வி கேக்கறவ, அந்தக் குழந்தைகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. எனக்கு அந்தப் பை மேல சந்தேகம் இல்லக்கா, பொறாமை. அதான் உண்மை.

அன்னிக்கே ஜோஸ்லின்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் பிரிச்சேன், பொய்யும் சொன்னேன்"ன்னேன். "தெரியும்"னா. புதுப் பைக்கு உன்னோட பழைய வெள்ளை உள்பாவாடைத் துணில ஒரு உறை தச்சேன். நீ எத்தனை தடவை துவைச்ச துணி, அவ்வளவு மெத்துனு இருந்துச்சு. கன்னத்துல வச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிட்டா. கோயிலுக்கு உள்பாவாடை வந்த கதை பங்குச் சாமியாருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் பெத்தவங்க உக்காரணும்னாங்க. உன் எடத்துல நான். ஜோஸ்லின் வெள்ளை கவுன்ல பையை மடியில வச்சுக்கிட்டு தெம்பா உக்காந்திருந்தா. பின்னாடி ஒரு அம்மா, "தாயில்லாப் பிள்ளை, அதான் ஒரு மாதிரியா இருக்கு"ன்னு குசுகுசுத்துச்சு. திரும்பிப் பாத்து நல்லாக் கேட்டிருப்பேன். அதுக்குள்ள வெளிய பேண்டு அடிக்க ஆரம்பிச்சாங்க, பாடகர் குழு எழுந்துச்சு, உன் ஞாபகம் வந்து மோதிடுச்சு. மூச்சு வாங்குது, அழுகை அடங்கல.

ஜோஸ்லின் என்னையே பாத்தா. "சித்தி, உனக்கு ஜாஸ்தியா இருக்கா? வைக்கட்டுமா?"

தலையாட்டினேன். அவ மடியில இருந்த பையை எடுத்து என் மடியில வச்சு, ரெண்டு உள்ளங்கையாலயும் அழுத்தினா. அந்தப் பையைப் பிரிச்சுப் பாத்தேன், மோந்து பாத்தேன், ஒரு தடவைகூட மடியில வச்சுப் பாக்கலக்கா. மூச்சும் அழுகையும் கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. அவ பை இல்லாமலே எழுந்து பீடத்துக்குப் போனா, நன்மை வாங்கினா, திரும்பி வந்து உக்காந்தா. பையைத் திருப்பிக் குடுத்தேன், வாங்கல. என் கையை எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா.

"தடவாத சித்தி. கனமா வை."

வச்சேன். பூசை முடியற வரைக்கும் எடுக்கல.

இனிமே அந்தப் பையில கத்திரிக்கோல் படாது. கேக்காம அவளைத் தொடமாட்டேன், அவ கேட்டா கை மரத்துப்போனாலும் எடுக்கமாட்டேன். இது உனக்கு நான் குடுக்கற வாக்கு. ஒண்ணு மட்டும் கேக்கணும். 'கனமா வை'ன்னு அவ சொன்ன விதம் அப்படியே உன் குரல். அவளுக்கு அதைச் சொல்லிக்குடுத்தது யாரு? எனக்கு உன் மேலதான் சந்தேகம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி, உன் பொண்ணோட சித்தி,
லூர்து மேரி
கருவடிக்குப்பம், புதுச்சேரி