மூஞ்சியத் தொடைக்காதீங்க

இன்று காலை உன் முகத்தை வைக்கோல் போர் மேல் பார்த்தேன். மழை வரும்போல இருந்ததால் உன் வீட்டுக்காரர் உன்னுடைய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை எடுத்துப் போரை மூடியிருந்தார். நான்கு மூலைக்கும் நான்கு கல். உன் நெற்றிப் பொட்டின் மேல் ஒரு கோழி ஏறி நின்றிருந்தது. நான் ஸ்கூட்டரை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். திட்டட்டும், எனக்கு அவனைவிட மோசமாக வாயில் வந்தது.

கோழி மேல் கோபமில்லை. பிளெக்ஸ் போருக்குப் போனதிலும் கோபமில்லை. நம் மீனாட்சிபுரத்தில் எம்.எல்.ஏ., மணமக்கள், செத்தவர் எல்லாருமே கடைசியில் வைக்கோலுக்கோ ஒழுகுகிற கொட்டகைக்கோதான் போகிறார்கள். கோபமெல்லாம் அந்த முகத்தின் மேல்தான். அது நீயே இல்லையடி! ரோஸ் நிறத்தில் கன்னம், நீ ஒருநாளும் போடாத முத்துமாலை, முதுகுக்குப் பின்னால் ஒரு அருவி வேறு. பொள்ளாச்சியில் பிளெக்ஸ் அடிக்கிறவன் மௌசை நாலு தட்டுத் தட்டி உன்னை யாரோ ஒரு சீரியல் நடிகை ஆக்கிவிட்டான்.

அந்த போட்டோவை எடுத்தது நான். நம் ஸ்டுடியோவில் எடுத்தது. ஸ்டுடியோ என்று சொன்னாலே எனக்கு இப்போதும் அந்த முதல் நாள்தான் ஞாபகம் வருகிறது.

ஒன்றாக ஓவியம் படித்துவிட்டு, ஆளுக்கொரு கல்யாணம், மாடு, பிள்ளைகள் என்று கையில் பிரஷ்ஷே பிடிக்காமல் இருந்தவர்கள் நாம். அந்த முதுகலைப் படிப்பைக் கண்டுபிடித்தது நீ. வருஷத்தில் இரண்டு தடவை கொஞ்ச நாள் காலேஜுக்குப் போனால் போதும். மற்ற நாளெல்லாம் அவரவர் ஊரில், அவரவர் ஸ்டுடியோவில் வேலை செய்து வீடியோ காலில் காட்ட வேண்டும். ஓவியம், போட்டோ, துணி, மண் என எதையும் எதோடும் கலக்கலாம். "அப்ப மாட்டையும் பாத்துக்கலாம், எம்.எப்.ஏ.வையும் பாத்துக்கலாம் புள்ள" என்றாய். சொந்தக்காரர்கள், "தபால்ல சித்திரம் படிக்கறாங்களாமா!" என்று சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மாடுகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றியபின் காலியாகக் கிடந்த பழைய கொட்டகையைக் காட்டி, "அங்க என்னமோ பண்ணிக்க" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை.

நீ சும்மா இருந்தாயா? கேரள எல்லை ஊர் என்பதால் ஒரு பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் "ஸ்டுடியோ" என்று எழுதி வாசலில் மாட்டினாய். வேண்டாமடி என்றேன். மறுநாள் காலையிலேயே தோட்டத்திலிருந்து நேராக ஒரு பெரியவர் வந்து நின்றார். "ஏனுங்க, பாஸ்போர்ட் சைஸ் வேணுமுங்க. பஞ்சாயத்துல கேக்கறாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாய். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனார். "மூஞ்சியத் தொடைக்காதீங்கய்யா! இப்பத்தான் அது உங்க மூஞ்சியாட்டம் இருக்குது" என்றாய்.

"பஞ்சாயத்துல இத வாங்குவாங்களா அம்மிணி?"

"வாங்காட்டி நான் வந்து சண்டை போடறனுங்க."

அதுவே காலேஜுக்கு நாம் இருவரும் சேர்ந்து செய்கிற வேலையாகிவிட்டது. யார் பாஸ்போர்ட் சைஸ் கேட்டு வந்தாலும் அவர்களுக்குச் சின்னதாக ஒன்று, நம் சுவருக்குப் பெரிதாக ஒன்று. மண்ணோடு, வியர்வையோடு, தலையில் ஒட்டிய வைக்கோலோடு. பெரிய படங்களின் ஓரத்தில் அவரவர் தோட்டத்து மண்ணைக் குழைத்து நீ கோடு இழுத்தாய். நான் அவர்களுடைய பழைய துண்டுகளைக் கிழித்துச் சட்டம் தைத்தேன். ஒருநாள் நீ கரிக்கட்டியால் வரைந்து முடித்துக் கன்னத்தில் நீளமாகக் கரியோடு திரும்பினாய், நான் கேமராவை அமுக்கினேன். ஊரையே எடுத்த உனக்கு இருந்த ஒரே நல்ல படம் அதுதான், பிளெக்ஸுக்கு நான் கொடுத்ததும் அதைத்தான்.

உன் மேல்தான் எனக்கு முதல் கோபம், தெரியுமா? நெஞ்சு வலிக்குது என்றாய். உன் வீட்டுக்காரர் "வாயுவா இருக்கும்" என்றார். நீயும் ஓமத்தண்ணி குடித்துவிட்டு, "காலேஜ் ரெவ்யூ முடியட்டும் புள்ள, பொறவு டாக்டர்கிட்டப் போலாம்" என்றாய். எதிரே உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்தே, "என்னங்கய்யா, ராத்திரி தூங்கலீங்களா" என்று கேட்கிறவள், உன் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? பாவி! ரெவ்யூவுக்கு நீ இல்லை.

ரெவ்யூவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? இரங்கல் சொன்னார்கள். பிறகு, செத்துப்போனவரின் பெயரில் வேலையைச் சமர்ப்பிக்க விதியில் இடமில்லை, என் பெயரில் மட்டும் தனி வேலையாக மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். அதில் ஒரு அம்மாள், "இதை இழப்பைப் பற்றிய படைப்பாக மாற்றினால் இன்னும் வலிமையாக வரும்" என்று யோசனை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ செத்ததை வைத்து நான் மார்க் வாங்க வேண்டுமா? வீடியோ காலில் என் கேமராவை ஆஃப் செய்துவிட்டு அழுதேன். பதில் சொல்ல இன்றைக்குத்தான் கடைசி நாள்.

அந்தக் கோபத்தோடுதான் போர் மேல் ஏறினேன். கல்லைத் தள்ளி, கோழியைத் துரத்தி, பிளெக்ஸைச் சுருட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். தரையில் விரித்து, துணியில் பெயிண்ட் தின்னரை ஊற்றித் தேய்த்தேன். முத்துமாலை போயிற்று. ரோஸ் கன்னமும் போயிற்று. அடியில் நீ இருப்பாய் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. வெறும் வெள்ளைதான் வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. உன் வீட்டுக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மிணி, போரு நனையுதுங்க!"

"நனையட்டுமுங்ணா! இது யாருன்னு மொதல்ல சொல்லுங்க. உங்க ஊட்டுக்காரியா இது?"

அவர் பிளெக்ஸைப் பார்த்தார். "நாலு பேரு வர்ற எடத்துல நல்லா இருக்கோணும்னுதானுங்க. மூஞ்சியக் கழுவிக் குடுன்னு கடைக்காரன்கிட்ட நாந்தான் சொன்னேன்."

நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் சுவரைப் பார்த்துவிட்டார். ஊர் முகங்களுக்கு நடுவில் கன்னத்தில் கரியோடு நீ இருந்தாய். கிட்டே போனார். அந்தக் கரியைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு இப்படியேதானுங்க ஊட்டுக்கு வந்தா. சிரிச்சுட்டே என்னமோ சொல்ல வந்தா. மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வந்து சோத்தப் போடுன்னுட்டேன். என்ன சொல்ல வந்தான்னு கேக்கவே இல்லீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாக்கிலிருந்து வடிந்த தண்ணீரும் கண்ணீரும் ஒன்றாக இறங்கின. என் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே, ஒரு சொட்டும் தீரவில்லை. ஆனால் அவர் துண்டை எடுத்தபோது என் வாயிலிருந்து வந்தது உன் பேச்சு.

"மூஞ்சியத் தொடைக்காதீங்ணா."

துண்டு மடியில் விழுந்தது. கேமராவை அமுக்கினேன். அவர் சுவரைக் காட்டி, "இதுல அவ பேரு வருமுங்களா?" என்று கேட்டார்.

அவர் எதிரிலேயே போனை எடுத்துக் காலேஜுக்குப் பதில் அனுப்பினேன். சுவர் முழுவதும் தெரிகிற ஒரு படம், அதன் கீழே உன் பெயர், அதற்கடுத்து என் பெயர். இரண்டு பெயரும் இல்லையென்றால் பட்டம் அவர்களிடமே இருக்கட்டும் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி மட்டும் தமிழில் சேர்த்தேன்.

"தொடைக்க மாட்டேன்."

புரியாவிட்டால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.