பதினோராம் அத்தியாயம்

அன்பு மகளே,

என் நாவல் அச்சாகிவிட்டது. கிடங்கில் தீப்பிடித்து நாயகனின் கூட்டாளி சாகும் பதினோராம் அத்தியாயம்தான் இழுத்தடித்தது. "நம்ப முடியலையே முதலாளி, கதவு பக்கத்துலதானே இருக்கு? ஓடியிருக்கலாமே?" என்றார் பதிப்பாளர். மூட்டை சுமந்து வியாபாரியானவன் நான். குறை சொன்னால் சரக்கைச் சரிசெய்து கொடுத்தே பழக்கம். நான்கு தடவை திருத்தினேன். கடைசியில் கதவை வெளியிலிருந்து பூட்டிவைத்தேன்.

"இப்பதான் உயிர் வந்திருக்கு!" என்றார்.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். என் கூட்டாளியாக இருந்த தன் அப்பா எங்கள் கிடங்கில் செத்த அந்தத் தீயைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"படிச்சிட்டேன் மாமா. கதவு பூட்டியிருந்ததைப் போலீஸ் எங்க வீட்டைத் தவிர யார்கிட்டயும் சொல்லலையே?"

கற்பனை என்றேன். சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். நீ அவரோடு வராதே அம்மா.

உன் அப்பா