கொக்கிக்கு முன்னால் கண்

ஆடி, இரண்டாம் வெள்ளி. அரும்பாவூர்.

சென்னையிலிருந்து டிசைன் மேடம் வந்திருந்தார். அப்பா செதுக்கிய முனீஸ்வரன் முகத்தின் தாடையில் மூன்று கொக்கி வைத்து, சாவி மாட்டும் பலகையாகக் கடையில் விற்கப் போகிறார்களாம். அப்பா மரம் வாங்கப் போயிருந்தார்.

“கண்ணு மட்டும் போட்டுடும்மா, போட்டோ எடுத்துக்கறேன். கண்ணில்லாம எவன் வாங்குவான்?”

எங்கள் பட்டறையில் கண்தான் கடைசி வேலை. கண் திறந்த பிறகு எந்தக் கருவியும் முகத்தில் படக்கூடாது. கொக்கிக்கு இன்னும் துளை போடவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன். உளியை எடுத்துத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்த அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“யாருடி தொறந்தது?”

“நாந்தாம்ப்பா. மேடம் கேட்டாங்க.”

“சாவி மாட்டுற பலகதானேங்க, சாமியா என்ன?” என்று அம்மா சிரித்தாள்.

“அது அவனுக்குத் தெரியுமாடி?”

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“தொறந்த மொகத்துல நான் கை வெக்க மாட்டேன். தொறந்தவளே ஓட்ட போடட்டும்.”

காலை பஸ்ஸில் அது சென்னைக்குப் போக வேண்டும். துணி சுற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். தாடையில் துளை போட நேர் எதிரேதான் உட்கார வேண்டும்.

கண்ணை நான் நன்றாகவே செதுக்கியிருக்கிறேன்.