செப்டம்பரில் சூடான ரேடியேட்டர்

பர்ன்லி,
அக்டோபர் 9

அன்பு மகள் பெத்தனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் வானொலிக்கு முன்னாலேயே மழைச் செய்தி சொல்லிவிடுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயல் ஆல்ஃபியும் பெர்த் வெயிலில் கருகிப் போகாமல் நலமாக இருக்க வேண்டும். வீடியோவில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அதனால்தான் இந்தத் தடவை பேனாவை எடுத்தேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததா. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கிற நாள் வரை ஹீட்டிங் போடக் கூடாது, குளிருகிறது என்று வாயைத் திறந்தால் இன்னொரு ஸ்வெட்டரைப் போடு என்பார். அப்படிப்பட்ட வீட்டில் போன மாதம் ஒரு சாயங்காலம் உன் அப்பா ஹாலில் சுவரோரம் வீட்டைச் சூடாக்க வைத்திருக்கிற ரேடியேட்டர் மேல் எதேச்சையாகக் கையை வைத்தவர் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நல்ல சூடு. நேராகச் சமையலறைக்கு வந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், உன் கிளெனிஸ் சித்தி மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். "நீதானே ஹீட்டிங் போட்டே, லொரைன்?" என்றார். நான் தொடவே இல்லை என்றேன். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? ரேடியேட்டருக்கு என்ன, தானா காய்ச்சல் வந்துடுச்சா?" என்றார். சித்தி கோப்பைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டாள். இப்போது வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு இவரோடு குப்பை கொட்டியிருக்கிறேன், என் தங்கை முன்னால் வைத்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே. இவரை மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

மறுநாளே துப்பறிய ஆரம்பித்துவிட்டார். ஹீட்டிங்கைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்டைத் திருப்பி அணைத்து, அதன் மேல் குறுக்கே செலோடேப் ஒட்டினார். சாயங்காலம் பார்த்தால் டேப் அப்படியே இருக்கிறது, ரேடியேட்டர் சுடுகிறது. வேறு யாராவது இருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். இவர், "பிரிச்ச டேப்பைத் தெரியாம ஒட்டுறதுல நீ கெட்டிக்காரி ஆச்சே, வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பரிசையெல்லாம் முன்னாடியே பிரிச்சுப் பார்த்துட்டு ஒட்டி வைக்கிறவதானே நீ" என்றார். அது உண்மைதான், ஆனால் அது வேறு விஷயம். அந்த வாரம் நானும் சித்தியும் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி ஃப்ளீட்வுட் கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்கே நிம்மதியாக மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது, "கிளம்புறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டுப் போனே? குளிச்சிட்டு வெளிய வந்தா வீடு முழுக்கச் சூடா இருக்கு" என்று.

குளித்துவிட்டு என்று சொன்னாரா, எனக்குப் பொறி தட்டியது. அன்றைக்கு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு இவர் குளித்திருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்து முதல் வேலையாகச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஹாலுக்குப் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கதகதவென்று வந்துவிட்டது. பாய்லரில்தான் ஏதோ கோளாறு. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் சொன்னால் மாட்டிக்கொண்டதும் சாக்குச் சொல்கிறாள் என்பார், வேறு யார் வாயிலிருந்தாவது வரட்டும் என்று கம்மென்று இருந்துவிட்டேன். அதுவரைக்கும் குளிரில் நடுங்குவானேன்? காலையில் பாத்திரம், மத்தியானம் ஜன்னல் திரை, சாயங்காலம் அலமாரியில் சும்மா கிடந்த பீங்கான் சாமான் எல்லாம் எடுத்து எடுத்துக் கழுவினேன். வீடு ரொட்டிக்கடை மாதிரி இருந்தது. "லொரைனுக்கு இப்போ சுத்தத்து மேல ஒரு பிரியம் வந்திருக்கு" என்று உன் அப்பா பக்கத்து வீட்டில் போய்ப் பெருமை பேசினாராம். சிரிக்காதே.

கடைசியில் வினை அவர் குளியலறைக்கே போய்ச் சேர்ந்தது. சூட்டில் பாதி ரேடியேட்டருக்குப் போனால் குழாயில் என்ன மிஞ்சும், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு பல் கிட்டிக்க வந்து நின்றவர், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பாய்லருக்கு அடியில் போகிற குழாயைத் தட்டித் தட்டி டாக்டர் மாதிரிக் காது வைத்துக் கேட்டார். கவரைக் கழற்றுவது லைசென்ஸ் உள்ள கேஸ் ஆள் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள் என்றேன். "தட்டத்தானே செய்றேன், தட்டுறதுக்குமா லைசென்ஸ்?" என்றார். தட்டிப் பார்த்து, திட்டிப் பார்த்து, தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே ஆன பிறகுதான் நேற்று கிரெய்க்கைக் கூப்பிட்டார். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தானே என்ட்விசில் வீட்டுப் பையன், அவன்தான் இப்போது பாய்லர் வேலை பார்க்கிறான்.

வந்தவன் கேட்ட முதல் கேள்வியே, "சுடுதண்ணிக் குழாயைத் திறந்தா ரேடியேட்டரும் சூடாகுதா?" என்பதுதான். உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் கெட்டிலைப் பார்த்தேன். பாய்லர் ஒன்று, அதன் சூடு போக வழி இரண்டு, ஒன்று குழாய்க்கு, ஒன்று ரேடியேட்டருக்கு, எந்த வழி என்று திருப்பிவிடுகிற வால்வு நடுவில் சிக்கிக்கொண்டது, அதனால் இரண்டு பக்கமும் போகிறது என்று விளக்கினான். கரண்டை அணைத்து, தண்ணீரை அடைத்து, மிச்சத்தை வடித்தான். அப்பா வாளி பிடித்தார். உள்ளிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமானை உருவினான், கறுப்புச் சேறு அப்பி, ரப்பர் வளையம் தொட்டால் உதிர்ந்தது. புதிதை மாட்டி, தண்ணீரை நிரப்பி, அழுத்தம் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தான். கை வைக்க முடியாத சூடு, ரேடியேட்டரோ கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. அப்புறம் அந்தப் புண்ணியவான், "அப்போ இத்தனை நாளா ஹீட்டிங்கை யாருமே போடலை, குழாயைத் திறக்கிறப்பல்லாம் இதுவே சூடாகியிருக்கு" என்றான். நான் அவனுக்கு முன்னால் கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட் தட்டை வைத்து, "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் கிரெய்க், இன்னொரு தடவை சொல்லுப்பா, சத்தமா" என்றேன். அவன் சொன்னான். உன் அப்பா காய்ந்த துண்டைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார்.

அவன் போன பிறகு மன்னிப்பு வரும் வரும் என்று காத்திருந்தேன். டீ வந்தது, மன்னிப்பு வரவில்லை. வழக்கில் ஜெயித்தும் கதகதப்பு போனதுதான் மிச்சம் என்று இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வருத்தமாகத்தான் இருந்தது.

இன்றைக்குக் காலையில் மாடியிலிருந்து இறங்கினால் ஹால் கதகதவென்று இருக்கிறது. ஐயோ, புது வால்வும் போச்சா என்று நினைத்தேன். ஆனால் குழாயை இன்னும் யாரும் திறக்கவில்லை. போய் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். செலோடேப்பைக் காணோம், இருபத்தொரு டிகிரியில் வைத்திருக்கிறது. கடிகாரத்தைத் திருப்ப இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் கிடக்கிறது பெத்தனி. உன் அப்பா சமையலறையில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார், காது மட்டும் செக்கச்செவேலென்று தெரிந்தது. பேப்பரை இறக்காமலே, "அந்த வால்வு மறுபடியும் மாட்டிக்கிச்சு போல, லொரைன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படித்தான் இருக்கும், கிரெய்க்கைக் கூப்பிட வேணாம்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஆல்ஃபிக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாய்லர் இன்னும் சரியாகவில்லை என்று அப்பா சொல்லுவார், அப்படியா என்று மட்டும் கேட்டுக்கொள். பீங்கான் கழுவின கதையை மூச்சு விடாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்ட
உன் அம்மா,
லொரைன்